ஓட்டுக்குக் கொடுத்த தகரம்

நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளனாக இருந்தபோது, கொழுந்து பறிக்கும் அந்தப் பெண்ணைச் சந்தித்தேன். மெலிந்த உருவம். எந்தக் கேள்விக்கும் "சரிங்க" என்று சொல்லிவிட்டுத்தான் பதில் சொல்வார். தேயிலைத் தோட்டக் கம்பெனி, தேர்தலில் தனக்கு வேண்டிய வேட்பாளருக்காகத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயங்களுக்குக் கூரைத் தகரம் கொடுத்தது என்று வழக்கு. சாட்சி சொல்ல அவர் ஒருவர்தான் வந்தார்.

"சரிங்க. ஓட்டுக்குத்தாங்க குடுத்தாங்க."

அதைச் சிங்களத்தில் சொன்னேன். தொழிலாளர் நலனுக்காகக் கொடுத்தது என்று வழக்கைத் தள்ளிவிட்டார்கள்.

மறுவாரம் டிக்கோயா பஸ்ஸில் நனைந்த சேலையோடு நின்றிருந்தார்.

"ஏ வூட்டு தகரத்த மட்டும் கம்பெனிக்காரங்க கழட்டிட்டாங்கய்யா. பக்கத்து வூட்டுக்காரங்கதான் ஏணி புடிச்சாங்க."

"இனி என்ன செய்வீங்க?"

"அடுத்த எலக்சனுக்கும் குடுப்பாங்க. வாங்கிக்கிட்டு பேசாம இருந்துக்குறேன்."

அவர் குரலில் கோபமே இல்லை. எனக்குத்தான் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை.