குன்றில் இருந்த பிள்ளைகள்

ஆக்லாந்தின் புறநகரான பாபடோயிட்டோயில் கிளறன்ஸைத் தெரியாத தமிழர் குறைவு. மன்னாரில் பிறந்து, தொண்ணூறுகளில் ரஷ்யாவின் ஸ்மோலென்ஸ்க் நகரத்தில் மருத்துவம் படித்தவர். அந்தப் பட்டம் இங்கே செல்லாது என்று ஆனபின், பதினெட்டு ஆண்டுகளாக விமான நிலையத்தில் பெட்டி ஏற்றுகிறார். ஞாயிறு பூசைக்கு மனைவியைக் காரில் கொண்டுபோய் இறக்கிவிட்டு, கடவுள் நம்பிக்கை இல்லாததால் தான் வெளியே இருந்து வரலாற்றுப் புத்தகம் வாசிப்பார். அகப்பட்டவரை ஸ்மோலென்ஸ்க் குன்றின் கதை சொல்லாமல் விடமாட்டார்.

கதை இதுதான். நீப்பர் ஆற்றங்கரையில் ஒரு குன்று, அதன்மேல் பேராலயம். 1609இல் போலந்து மன்னனின் படை நகரத்தை வளைத்தது. பசியிலும் நோயிலும் செத்தபடியே மக்கள் இருபது மாதம் தாக்குப்பிடித்தார்கள். படை உள்ளே புகுந்தபோது மிஞ்சியவர்களில் பலர் குன்றேறி ஆலயத்துக்குள் ஒதுங்கினார்கள். அங்கே இருந்த வெடிமருந்துக் கிடங்கு வெடித்து, உள்ளே இருந்தவர்கள் மாண்டார்கள். தாங்களே கொளுத்தினார்கள் என்பது ஊர்ப்பேச்சு. தீ தானாகப் பரவியது என்பாரும் உண்டு. பிற்பாடு அதே குன்றில் எழுந்த ஆலயத்தைச் சோவியத் அரசு இடிக்காமல், மதத்துக்கு எதிரான அருங்காட்சியகமாக்கியது. இதைச் சொல்லும்போது கிளறன்ஸ் தொடையில் தட்டிச் சிரிப்பார்.

வெடிப்பைச் சொல்லும்போது மட்டும் சிரிப்பு இராது. "அடிமையா வாழுறதிலும் பாக்க அது மேல். அதுதான் வீரம்."

அவர் மகள் அஞ்சலினாவுக்குப் பதினான்கு வயது. பள்ளியில், குடும்பத்துக்குத் தெரிந்த ஒரு குன்றைப் பற்றி எழுதச் சொன்னார்கள். மற்றப் பிள்ளைகள் ஆக்லாந்தின் எரிமலைக் குன்றுகளை எழுத, இவள் ஸ்மோலென்ஸ்க்கை எழுதினாள். அடுத்த வாரம் துணைத் தலைமை ஆசிரியை பெற்றோரை அழைத்தார். மகள் தற்கொலைத் தாக்குதலைப் புகழ்ந்திருக்கிறாளாம்.

"இஞ்சாருங்கோ, அங்க போய் வாதாடாதேங்கோ," என்றார் மனைவி ராசமணி. "மன்னிப்புக் கேட்டுட்டு வாங்கோ. பிள்ளையின்ர பேர் எங்கயும் பதியக் கூடாது."

"நானூறு வருசத்துக்கு முந்தி நடந்ததுக்கு நானேன் மன்னிப்புக் கேக்கிறது? போலந்துக்காரன் கேக்கட்டும்."

கிளறன்ஸ் மகளோடு பள்ளிக்குப் போனார். ஆசிரியையின் முதல் கேள்வி குன்றைப் பற்றியது அல்ல. "நீங்கள் முதலில் எந்த நாடு?"

"இலங்கை."

"தமிழரா?"

கிளறன்ஸுக்குக் காது சுட்டது. "ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை இதை எழுதியிருந்தால் என்ன செய்திருப்பீர்கள்? பரிசல்லவா கொடுத்திருப்பீர்கள்?"

ஆசிரியை கட்டுரையை எடுத்து, முதல் பக்கத்தில் மஞ்சள் பூசிய வரியைக் காட்டினார். ‘என் அப்பா இதை வீரம் என்கிறார்.’

"மிச்சத்தை வாசித்தீர்களா?"

"இந்த வரியே போதுமானதாக இருந்தது."

கட்டுரை நாலு பக்கம். கிளறன்ஸும் அதை அதுவரை வாசித்திருக்கவில்லை. வாங்கி அங்கேயே வாசித்தார். கடைசிப் பக்கத்தில் கண் நின்றது. ‘உள்ளே குழந்தைகளும் இருந்திருப்பார்கள். யாராவது கொளுத்தியிருந்தால், அந்தக் குழந்தைகளிடம் கேட்டிருப்பாரா? அப்பா இந்தக் கதையை எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். குழந்தைகளைப் பற்றி ஒருமுறையும் சொன்னதில்லை.’

கடவுளையே கேள்வி கேட்ட மனிதர், இந்த ஒரு கேள்வியை முப்பது வருடமாகக் கேட்காமல் விட்டிருந்தார். மகளை நிமிர்ந்து பார்க்க அவருக்குக் கூச்சமாக இருந்தது. அந்தப் பக்கத்தை ஆசிரியையிடம் நீட்டினார்.

வாசித்து முடித்தபோது ஆசிரியையின் குரல் இறங்கியிருந்தது. "வருந்துகிறேன். ஆனால் இந்தக் கட்டுரை பற்றிய எங்கள் அறிக்கை செவ்வாய்க்கிழமையே பொலிசுக்குப் போய்விட்டது. திருப்பி வாங்க முடியாது. பெற்றோரின் விளக்கம் வேண்டுமானால் சேர்க்கலாம்."

பொலிஸ் வீட்டுக்கு வருமா என்று அஞ்சலினா ஆங்கிலத்தில் கேட்டாள்.

"வந்தா என்னோட கதைக்கட்டும், மகள்."

விளக்கப் படிவத்தை வாங்கி எழுதினார். ‘நாலு பக்கமும் இணைத்துள்ளேன். முழுவதும் வாசியுங்கள். என் மகள் யாரையும் புகழவில்லை. புகழ்ந்தவன் நான்.’

எட்டிப் பார்த்த மகள், "நோ, டாட்!" என்று அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். அவர் மெதுவாக விடுவித்துக்கொண்டு முழுப்பெயரை எழுதினார். பிறகு, படிவத்தில் யாரும் கேட்காமலே, அதன் கீழ் எழுதினார்: பிறந்த இடம், மன்னார்.