நாலு விரல் நுழைகிற கப்

ரோஸ் கலரைப் பார்த்தால் எனக்கு நீலம்தான் தோன்றும். பைத்தியம் இல்லை, வேலை அப்படி. விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் கம்பெனியில் இருபது வருஷமாக கிளேஸ் முக்குகிறேன். பீங்கானுக்கு மினுமினுப்பும் கலரும் கொடுக்கிற பூச்சுக்குத்தான் கிளேஸ் என்று பெயர். மோர் பதத்தில் கரைத்து வாளியில் வைத்திருப்போம். காய்ந்த மண் சாமானை அதில் முக்கி எடுத்துச் சூளைக்கு அனுப்ப வேண்டும். வாளியில் தெரிகிற கலர் வேறு, வெந்து வருகிற கலர் வேறு. நீலத்துக்கு உண்டான கிளேஸ் வாளியில் வெளிறிப்போன ரோஸாகத்தான் கிடக்கும். ஒரு கல்யாணத்தில் பக்கத்து வீட்டுக்காரி தன் பட்டுப்புடவை எப்படி என்று கேட்டாள். "நல்ல நீலம்க்கா" என்று சொல்லிவிட்டேன். புடவை ரோஸ். அதற்கப்புறம் அவள் என்னிடம் புடவையைப் பற்றி வாய் திறப்பதில்லை.

கலரில் இப்படி என்றால், உருவத்தில் நான் இன்னும் மோசம். கடையில் விற்கிற கப்பைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். மேலே பூ ஸ்டிக்கர், இதய ஸ்டிக்கர், ஓரத்தில் தங்கக் கோடு, காது மட்டும் ஒரு விரல்கூட ஒழுங்காக நுழையாத அளவுக்கு. கப்பின் கைப்பிடியை நாங்கள் காது என்றுதான் சொல்வோம். எனக்குப் பிடித்தது ஊறுகாய் ஜாடி. மேலே காவி, கீழே வெள்ளை, கை தாராளமாக உள்ளே போய் வரும். மெயின் போர்டில் செருகுகிற பீங்கான் ஃப்யூஸ் கேரியரும் பிடிக்கும். கரண்ட் போய் இருட்டில் தடவினாலும் விரல் சரியான இடத்தில் போய் உட்காரும். பொருள் என்றால் கைக்கு இடம் வேண்டும், அவ்வளவுதான் என் சட்டம்.

என் வீட்டுக்காரர் லாரி டிரைவர். டீ என்றால் உயிர். வேப்பூர் ரோட்டில் லாரியை நிறுத்தினால் ஒரு டீ போதாது, கண்ணாடி கிளாஸைக் கீழே வைக்கும்போதே "இன்னொன்னு போடுப்பா" என்பார். போன வருஷம் ஒரு காலையில் பல் விளக்கும்போது வாய் கோணி உட்கார்ந்துவிட்டார். பிழைத்து வந்தார், நடந்தார், பேச்சும் திரும்பியது. வலது கை மட்டும் திரும்பவில்லை. முழங்கையை மடக்குவார், தூக்குவார். ஆனால் விரல்கள் பாதி மடங்கியபடியே நின்றுவிட்டன. எதையும் இறுக்கிப் பிடிக்க வராது.

ஆஸ்பத்திரியில் மூக்கு வைத்த வெள்ளைக் கப்பில் புகட்டினார்கள். வீட்டுக்கு வந்ததும் அதை வீசி எறிந்துவிட்டு நான் டம்ளரில் புகட்டினேன். இடது கையால் குடியுங்களேன் என்று ஒருநாள் சொல்லிப் பார்த்தேன்.

"சோத்துக் கைய வுட்டுட்டு பீச்சாங்கையால குடிக்கச் சொல்றியா?" என்று கத்தினார்.

சோறும் நான்தான் ஊட்டினேன், கதவைச் சாத்திக்கொண்டு. டீயில் அரை டம்ளர் இறங்கியதும் "போதும்" என்பார். வியாதியில் நாக்கு ருசி செத்துவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டேன். மீதியை நானே குடித்துவிட்டு வேலைக்கு ஓடுவேன். ஏழு மாதம் இப்படிப் போனது.

அப்போதுதான் கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து பெண் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினார்கள். எங்களுக்கு ஒரே மகள். மருந்துக் கடையில் வேலை செய்கிறாள். இன்னும் மூன்று வாரம் இருந்தது.

"நான் உள்ரூம்லயே இருந்துக்கறேன். ஒடம்பு சரியில்லன்னு சொல்லிடு" என்றார் அவர்.

"அப்பன் இல்லாத பொண்ணா அவ? என்ன பேச்சு பேசறீங்க?"

"பொண்ணு டீ கொண்டாந்து குடுப்பா. அப்பன் வாங்கிக் குடிக்கலன்னா, இவனுக்கு இஷ்டமில்ல போலருக்குதுன்னு நெனப்பாங்க. குடிச்சா, நீ ஊத்தணும். அவங்க எதிர்ல ஊத்துவியா?"

மகள் மெதுவாக, "ஸ்ட்ரா போட்டுத் தரட்டாப்பா?" என்றாள்.

"நான் என்ன எளநியா குடிக்கறேன்?"

அவள் சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை. எழுந்து உள்ளே போய்விட்டார். மகள் என்னைப் பார்த்தாள். "அப்பா வெளிய வந்து ஒக்காரலன்னா நான் டீ எடுத்துக்கிட்டு வர மாட்டேம்மா" என்றாள். அப்பனுக்குத் தப்பாத பிடிவாதம்.

மறுநாள் காலை அவர் பால் வாங்கிக்கொண்டு வந்தார். தெருமுனை வரை நடக்கச் சொல்லி டாக்டர் உத்தரவு. நீல வயர் கூடை வலது கையில் தொங்கியது. தினமும் பார்க்கிற காட்சிதான். அன்றைக்குத்தான் உறைத்தது. இந்தக் கையால் பிடிக்கத்தான் முடியாது, மாட்டிக்கொள்ள முடியும்! மடங்கிய நாலு விரலுக்குள் கூடையின் பிடி போய் உட்கார்ந்திருந்தது. காது பெரிதாக இருந்தால் கப்பும் அப்படி உட்காராதா? அடுப்பில் பால் பொங்கி வழிந்ததுகூடத் தெரியாமல் அந்தக் கூடையையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

கம்பெனியில் அச்சில் வார்த்த ஒரு ஈரக் கப்பைக் கேட்டு வாங்கினேன். மண்ணை விரல் கனத்துக்கு உருட்டி, ஈரத் துணியில் சுற்றி, மதியச் சாப்பாட்டு நேரத்தில் வீட்டுக்கு ஓடினேன். அவருடைய நாலு விரலையும் சுற்றி வளைத்து அளவு எடுத்தேன். அப்படிப் பொருந்தியது. மோதிரத்துக்கு அளவு எடுக்கிற மாதிரி கூச்சத்தோடு கையைக் காட்டிக்கொண்டிருந்தார். அந்தக் காதை அப்படியே கொண்டுபோய்க் கப்பில் ஒட்டினேன். வெளியே நீலம், உள்ளே வெள்ளை. முழு வெள்ளை வேண்டாம், ஆஸ்பத்திரி ஞாபகம் வரும்.

ஒரு வாரத்தில் வெந்து வந்தது. தண்ணீர் ஊற்றி அவர் கையில் கொடுத்தேன். மூன்று விரல் நுழைந்தது, அதுவும் முட்டியோடு நின்றுவிட்டது. கப் ஒரு பக்கமாகச் சாய்ந்து தண்ணீர் லுங்கியில் கொட்டியது.

"ஒன் கைக்கு செஞ்சுக்கினியா?" என்றார்.

தலையில் அடித்துக்கொண்டேன். பீங்கான் மண் காயும்போதும் சுருங்கும், வேகும்போதும் சுருங்கும். வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாளே நான் சொல்கிற பாடம் அது. ஊருக்குத்தான் உபதேசம்! வேறு எந்தச் சாமானாக இருந்தாலும் கண் தானாகக் கணக்குப் போட்டிருக்கும். அவர் விரல் பொருந்திய சந்தோஷத்தில் சூளை என்று ஒன்று இருப்பதே மறந்துவிட்டது. ஆத்திரத்தில் கப்பைப் பிடுங்கிக்கொண்டு அடுப்படிக்குப் போனேன். பார்த்தால், நிஜமாகவே என் கைக்குக் கச்சிதமாக இருந்தது. அது இன்னும் கோபத்தைக் கிளப்பியது.

இன்னும் பத்து நாள்தான். வெந்த காது எவ்வளவு சுருங்கியிருந்தது என்று நூல் வைத்துப் பார்த்து, அதற்கு மேலும் கொஞ்சம் கூட்டி உருட்டினேன். ஈரத்தில் அது பார்க்கச் சகிக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பொம்மைக்குக் கண் எழுதுகிறவள், "என்னக்கா, யானை டீ குடிக்க வருதா?" என்று கேட்டாள்.

"ஆமாண்டி, சம்பந்தம் பேச வருது" என்றேன்.

ஒட்டி முடித்த பிறகு இன்னொன்று தோன்றியது. எல்லோர் கையிலும் சாதாரணக் கப், இவர் கையில் மட்டும் இந்தப் பெரிய காது என்றால், பார்க்கிறவன் முதலில் காதைப் பார்ப்பான், அப்புறம் கையைப் பார்ப்பான். ஒளிந்துகொள்ள ரூம் கேட்ட மனுஷனை நாமே விளக்குப் போட்டுக் காட்டிய மாதிரி ஆகும். வருகிறவர்கள் ஆறு பேர். ஏழு கப் செய்தேன். ஏழுக்கும் ஒரே உடம்பு, ஒரே காது.

"ஏழு எதுக்குமா? ஒண்ணுதான கேட்ட?" என்றார் முதலாளி.

விஷயத்தைச் சொன்னேன். சூளைத் தட்டில் இருந்த நாலு ஜாடிகளை அவரே நகர்த்தி இடம் பண்ணிக்கொடுத்தார்.

கிளேஸ் முக்கி வரிசையாக வைத்திருந்த சாயங்காலம், என்னைக் கூட்டிக்கொண்டு போக என் வீட்டுக்காரர் வந்தார். பலகையைப் பார்த்தார். முகம் செத்துவிட்டது.

"ரோஸா? பொண்ணு பாக்க வரவங்க எதிர்ல நான் ரோஸ் கப்ப புடிச்சிக்கினு ஒக்காரணுமா?"

"இருபது வருஷமா இந்த வேலையத்தான செய்யறேன், ஒரு நாளாவது நான் என்ன செய்யறேன்னு கேட்டிருக்கீங்களா? வெந்தா நீலம்ங்க அது!"

"நல்ல நீலம்" என்று முணுமுணுத்தபடி முன்னால் நடந்தார். அவர் நம்பவில்லை. இந்தத் தடவையும் அளவு தப்பினால் என்ன செய்வது என்பதுதான் என் கவலை. நீலத்தில் சந்தேகம் இல்லை, காதில்தான் சந்தேகம்.

பெண் பார்க்க வருவதற்கு முதல் நாள் சூளையிலிருந்து எடுத்தார்கள். ஏழும் நீலம், வயர் கூடையின் நீலம். அவருக்குக் காட்டினேன். நாலு விரலும் உள்ளே போய் மறுபக்கம் எட்டிப் பார்த்தன. வெறும் கப்பைத் தூக்கி வாய் வரை கொண்டுபோய் இறக்கினார். உள்ளே போய் நாளைக்குப் போட வேண்டிய சட்டையை எடுத்து வைத்தார்.

வந்தார்கள். முன் அறையில் அவர் நடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மகள் தட்டோடு வந்தாள். ஆறு பேரும் எடுத்துக்கொண்டார்கள். கடைசியாக அப்பாவிடம் நீட்டினாள். அவர் மெதுவாக விரல்களை நுழைத்தார், தூக்கினார், குடித்தார். நான் அடுப்படி வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மாப்பிள்ளையின் அப்பாவுக்கு அந்தக் காதில் விரல் எங்கே நிற்பது என்று தெரியவில்லை. கப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்னங்க, காது இம்மாம் பெருசா இருக்குது?"

"எங்க வூட்ல செஞ்சதுங்க. எம் பொண்டாட்டி செஞ்சது" என்றார் அவர். "மொதல்ல ரோஸா இருந்திச்சு. வெந்தாதான் நீலம்." என்னமோ இவரே கிளேஸ் கரைத்த மாதிரி! எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

மாப்பிள்ளையின் வேலை, அவர்கள் வைத்திருக்கிற நிலம் என்று பேச்சு போனது. நடுவில் என் வீட்டுக்காரர் கப்பைக் கீழே வைத்தார். காலி. அடியில் டீத்தூள்தான் கிடந்தது. அடுப்படிப் பக்கம் திரும்பி, முழுச் சபைக்கும் கேட்கிற மாதிரிக் குரல் கொடுத்தார்.

"ஏ, இன்னும் கொஞ்சம் டீ இருக்குதா?"

ஏழு மாதமாக அரை டம்ளரில் போதும் என்றவர். நாக்கு சாகவில்லை என்று அப்போதுதான் புரிந்தது. இன்னொருத்தர் கையால் குடிப்பதைத்தான் அவர் போதும் என்றிருக்கிறார், அது என் கையாகவே இருந்தாலும். ஒரு நாளாவது ஏன் என்று நான் கேட்டிருக்கிறேனா?

பாத்திரத்தில் டீ இல்லை. சரியாக ஏழு பேருக்குத்தான் போட்டிருந்தேன்.

"இருங்க, போடறேன்" என்று உள்ளிருந்து சொல்லிவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி பால் வைத்தேன். என் கைக்குச் சரியாக இருந்த அந்தச் சின்னக் கப்பையும் எடுத்துக் கழுவினேன்.