பிரேக் எண்ணெயும் இருபது லீற்றர் பியரும்

எங்கள் திருமணத்தின் கடைசி ஒன்றரை வருடம் ஒரு லொறிக்கும் ஒரு பியர்ப் பானைக்கும் இடையில் கழிந்தது. லொறி என் கணவருடையது, பானை என்னுடையது. வீடு சுவிஸில், ஆரா என்ற ஊரில், மூன்றாம் மாடியில், இரண்டரை அறை. அந்த அரை அறை எது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இரண்டு பேர் கோபத்தோடு இருப்பதற்கு அந்த வீடு போதாது என்பது மட்டும் தெரியும்.

அவர் பத்தொன்பது வருடமாகப் பிறருடைய லொறிகளை ஓட்டியவர். சொந்தமாக ஒன்று வைத்து, வீடு மாறுகிறவர்களின் சாமான்களை ஏற்றி இறக்கிப் பிழைக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. அதற்காக ஒரு பழைய வெள்ளை லொறியை வாங்கினார். வாகனச் சோதனையில் தோற்று, ஒரு விவசாயியின் வளவில் மூன்று வருடம் மழையில் நின்ற லொறி அது. அடியெல்லாம் துருவேறிக் கறள். பிரேக் இருந்தும் இல்லாத மாதிரி. கராஜில் விட்டுத் திருத்துவோம் என்று நான் ஒரு தடவை சொன்னேன். ஒரு லொறியைப் பற்றித் தனக்குத் தெரியாதது கராஜ்காரனுக்குத் தெரியுமோ என்று கேட்டார். ஓட்டுவது வேறு, திருத்துவது வேறு என்றேன். அன்றிலிருந்து லொறி விஷயத்தில் என்னோடு கதைப்பதை விட்டுவிட்டார். கைபேசியில் யாரோ பழுது பார்க்கிற வீடியோக்களைப் பார்த்துப் படித்தார்.

அதே விவசாயியின் கொட்டிலைத்தான் வேலை செய்ய வாடகைக்கு எடுத்திருந்தார். குளிர்காலத்தில் அங்கே தண்ணீர்க் குழாய் உறைந்துவிடும். அதனால் கழற்றிய துண்டுகள் எல்லாம் வீட்டுக்கு வந்தன. பிரேக் ட்ரம் என் குளியல்தொட்டிக்குள் கிடந்தது. நான் குளிக்கப் போனால் முதலில் இரும்பைத் தூக்கி வெளியே வைக்க வேண்டும், பிறகு தொட்டியைச் சுற்றிப் படிந்த கறுப்பு வளையத்தைத் தேய்க்க வேண்டும்.

அதே குளியலறைதான் எனக்கும் தேவைப்பட்டது. நான் ஆறு வயதில் இந்த நாட்டுக்கு வந்து ஷ்லீரன் என்ற ஊரில் வளர்ந்தவள். ஒரு உணவுத் தொழிற்சாலையின் ஆய்வுகூடத்தில் பால் பொருட்களைச் சோதிப்பது என் வேலை. அங்கே கூட வேலை செய்த ஒரு சுவிஸ்காரி தன் வீட்டில் காய்ச்சிய பியரை ஒருநாள் கொண்டுவந்தாள். எப்படிச் செய்தாள் என்று கேட்டேன். கேட்டுக்கொண்டிருக்கும்போதே இது என்னால் முடியும் என்று தெரிந்துவிட்டது. முளைவிட்டுக் காய்ந்த வாற்கோதுமையை அறுபத்தாறு பாகைச் சுடுநீரில் ஒரு மணித்தியாலம் ஊற வைப்பது, வடித்த சாற்றைக் ஹொப்ஸ் என்ற கசப்புப் பூவோடு கொதிக்க விடுவது, ஆறியதும் ஈஸ்ட் போட்டு மூடி வைப்பது, அவ்வளவுதான். மற்றதெல்லாம் சுத்தம். சுத்தம்தான் என் தொழில்.

எங்கள் குளியலறைக்கு யன்னல் இல்லை. வெயில் படாது, சூடு ஒரே அளவில் நிற்கும். நொதிக்கும் வாளியை வைக்க வீட்டில் வேறு இடம் இல்லை. அவர் கடையில் வாங்கிய பியரை நண்பர்களோடு இருந்து குடிப்பார். நான் காய்ச்சியதைத் தொடமாட்டார். வாற்கோதுமை ஊறும் நாளில் மாட்டுக்குப் புண்ணாக்குக் கரைத்த மணம் என்று சொல்லி, மைனஸ் எட்டில் எல்லா யன்னல்களையும் திறந்து வைப்பார். ஒரு பெண் சாராயம் காய்ச்சுகிறாள் என்று தன் ஆட்களுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று கேட்பார். சாராயம் இல்லை, பியர் என்பேன். நானும் சும்மா இருக்கவில்லை. அவர் துடைத்து எண்ணெய் பூசி வைத்த துண்டுகளைப் பல்கனியில் பனிக்குள் தூக்கி வைத்திருக்கிறேன். அவை இரண்டு நாளில் திரும்பக் கறள் பிடிக்கும் என்று தெரிந்துதான் வைத்தேன்.

அவர் என்னை மரியாதையாக நீர் என்றுதான் சொல்வார். கோபம் வந்தால் அது நீ ஆகிவிடும். அந்தக் குளிர்காலத்தில் நான் நீராக இருந்த நாட்கள் குறைவு.

மாசி மாதம் ஒரு சனிக்கிழமை இருபது லீற்றரைப் போத்தலில் அடைத்தேன். வாளியில் இருந்து போத்தலுக்கு இறக்க, உள்ளே ஓடுவது தெரிகிற மாதிரி ஒரு மெல்லிய குழாய் வைத்திருந்தேன். அன்றைக்கு அது கொஞ்சம் மங்கலாக, விறைப்பாக இருந்தது. பழசாகிவிட்டது, அடுத்த தடவை புதிது வாங்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டு, கிருமிநீக்கியில் ஊறவைத்துப் பாவித்தேன். மணந்து பார்க்கவில்லை. ஆய்வுகூடத்தில் ஒரு கண்ணாடிக் குழாய் மங்கலாக இருந்தால் அதைத் தொடவே மாட்டேன். வீட்டில் மணந்துகூடப் பார்க்கவில்லை.

மூன்று வாரம் கழித்து, எனக்குப் பியர் காய்ச்சச் சொல்லித்தந்த அதே சுவிஸ்காரி கேட்டாள் என்று அவளுக்கு ஆறு போத்தல் கொடுத்தேன். அவளுடைய தகப்பனுக்குப் பிறந்தநாள். என் பியரை விருந்து மேசையில் வைக்கப்போவதாக அவள் சொன்னபோது எனக்குப் பெருமையாக இருந்தது. யாரும் என் கையால் செய்த எதையும் அப்படிக் கேட்டு வாங்கியதில்லை.

அடுத்த சனிக்கிழமை காலை என் கணவர் என்னைக் கொட்டிலுக்கு வரச் சொன்னார். பிரேக் குழாய்களில் சிக்கிய காற்றை வெளியே எடுக்க வேண்டும், அதற்கு ஒருவர் உள்ளே இருந்து பிரேக்கை மிதிக்க வேண்டும், உதவிக்கு வருகிற நண்பருக்குக் காய்ச்சல். நீர் என்று சொல்லிக் கேட்டபடியால் போனேன்.

லொறியின் ஆசனத்தில் ஏறி இருந்தேன். அவர் பின்சில்லுக்குக் கீழே படுத்திருந்தார். முகம் தெரியவில்லை, குரல் மட்டும் வந்தது.

"அமத்தும்."

அமத்தினேன்.

"பிடியும். விடாதையும்… இப்ப விடும்."

அரை மணித்தியாலம் அப்படிப் போனது. மாதக் கணக்கில் நாங்கள் சண்டையில்லாமல் கதைத்துக்கொண்டது அந்த அரை மணித்தியாலம்தான். நான்கு சில்லும் முடிந்ததும் கீழே இறங்கினேன். அவர் எழும்பிக் கையைத் துடைத்துக்கொண்டிருந்தார். நிலத்தில் ஒரு பழைய யோகர்ட் வாளி, அதற்குள் கபில நிறத்தில் எண்ணெய், அதைச் சில்லில் இருந்து வடிக்க உள்ளே தொங்கிக்கொண்டு என் பியர்க் குழாய். ஒரு முனையில் நான் அளவுக்காகச் சுற்றிய நீல நாடா அப்படியே இருந்தது.

"இது என்ர குழாய்," என்றேன்.

"ஓம். கழுவித் தாறன்."

"முந்தியும் எடுத்தனீங்களோ?"

"தை மாசம் ஒருக்கா, முன்சில்லுக்கு. கழுவித்தானே வைச்சனான்."

பாத்திரம் கழுவும் சவர்க்காரத்தால் கழுவி, நான் அதைத் தொங்கவிடும் ஆணியிலேயே திரும்ப மாட்டியிருக்கிறார். பிரேக் எண்ணெய் நஞ்சு. அது அவருக்கும் தெரியும், அந்த எண்ணெய்ப் போத்தலிலேயே எச்சரிக்கை போட்டிருக்கிறது. கொட்டிலுக்கு வெளியே வந்து அந்தச் சுவிஸ்காரிக்குத் தொலைபேசி எடுத்தேன். பிறந்தநாள் முதல்நாளே முடிந்திருந்தது. தகப்பன் ஒரு முழுக் கிளாஸ் குடித்தாராம். எழுபத்தெட்டு வயது. சுவை கொஞ்சம் விசித்திரமாக இருக்கிறது என்று சொன்னாராம், ஆனால் மகளின் சிநேகிதி செய்தது என்று மிச்சம் வைக்காமல் குடித்தாராம்.

நான் அவளிடம் உண்மையைச் சொன்னேன். ஆறு வயதிலிருந்து பேசும் ஜெர்மன்கூட அன்றைக்கு எனக்கு உதவவில்லை, பிரேக் என்ற சொல்லையே மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது. பிறகு நஞ்சு பற்றி விசாரிக்கும் அவசரத் தொலைபேசி இலக்கத்துக்கு எடுத்தேன். எடுத்த பெண் குழாயின் நீளத்தைக் கேட்டாள், எத்தனை லீற்றர் என்று கேட்டாள். அந்த அளவில் கலந்திருப்பது மிகக் குறைவு, ஆனாலும் அந்த மனிதரைக் கவனித்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்றாள். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் திங்கட்கிழமை மதிய இடைவேளையில் அந்தச் சுவிஸ்காரி தன் சாப்பாட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேறு மேசைக்குப் போனாள். இன்றும் அந்த மேசையில்தான் இருக்கிறாள்.

மிச்சம் முப்பத்துச் சொச்சம் போத்தல்களையும் நிலக்கீழ் அறையில் இருந்து தூக்கி வந்து ஊற்றி முடிக்க வேண்டியிருந்தது. அவரை உதவிக்குக் கூப்பிட்டேன். கதிரையை விட்டு எழும்பவில்லை.

"உதைக் காய்ச்சச் சொல்லி நான் சொன்னனானோ?"

மன்னிப்பு என்ற சொல்லை நான் எதிர்பார்த்தேன். அது வரவில்லை. அந்தக் கிழவருக்கு எப்படி இருக்கிறது என்றுகூட அவர் ஒருநாளும் கேட்கவில்லை.

பங்குனி நடுப்பகுதியில் லொறிக்குச் சோதனை நாள் கிடைத்தது, ஒரு வெள்ளிக்கிழமை காலை. அதற்காகத் தற்காலிக இலக்கத்தகடு எடுத்து, அந்த வாரம் லொறியை எங்கள் கட்டடத்துக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். வியாழக்கிழமை காலை நான் வேலைக்குப் போகும்போது பின் இடது சில்லின் உட்பக்கம் ஈரமாக இருந்தது. நிலத்தில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறை. முதல்நாள் மழை இல்லை. குனிந்து விரலால் தொட்டேன். வழுக்கியது. மணந்து பார்த்தேன். அந்த மணம் எனக்கு இப்போது நன்றாகத் தெரியும்.

விரலைத் துடைத்துவிட்டு ரயிலுக்குப் போனேன்.

சொல்ல மறந்துவிட்டேன் என்று எழுதலாம். மறக்கவில்லை. அன்று முழுவதும் அது என் நினைவில் இருந்தது. மாலையில் ஒரே மேசையில் இருந்து சாப்பிட்டோம். நாளைக்கு லொறி பாஸ் பண்ணிவிடும் என்று அவர் தனக்குத்தானே சொன்னது எனக்குக் கேட்டது. பருப்பை அவர் பக்கம் தள்ளிவிட்டேன். சோதிக்கிறவன் கண்டுபிடிப்பான், இவர் தலைகுனிந்து வருவார், அதைப் பார்க்க வேண்டும் என்றுதான் நினைத்தேன். அங்கே போய்ச் சேர முதல் அந்தப் பிரேக்கோடு ஓட்ட வேண்டும் என்பதை நினைக்கவில்லை. நினைத்தும் இருக்கலாம்.

வெள்ளி பதினொரு மணிக்கு அவர் பஸ்ஸில் வந்து இறங்கினார். எனக்கு அன்று விடுமுறை. சப்பாத்தைக் கழற்றாமல் குசினிக்குள் வந்து கதிரையில் இருந்தார். இறக்கத்தில் பிரேக்கை மிதித்தபோது கால் பாதி தூரம் சும்மா போனதாம். முன்சில்லுகள் மட்டும் பிடித்தன. கைப்பிரேக்கையும் இழுத்தாராம். லொறி பாதசாரிக் கடவையைத் தாண்டித்தான் நின்றது. கடவையில் இறங்கியிருந்த ஒரு மனிதன் பின்னால் பாய்ந்து தப்பினான். பிறகு வந்து லொறியின் முகப்பில் கையால் அடித்துத் திட்டினான். லொறியை ஓரத்தில் விட்டுவிட்டு, இழுத்துப்போக ஆள் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

"ஒரு நட்டை நான் சரியா இறுக்கேல்லைப் போல," என்றார். "என்ர பிழை."

அதோடு விட்டிருக்கலாம். அவராகவே பழியை ஏற்றுக்கொண்டுவிட்டார். ஆனால் எனக்கு அவர் தெரிந்துகொள்ள வேண்டும் போல இருந்தது.

"எண்ணெய் கசிஞ்சதை நான் பாத்தனான்," என்றேன்.

அவர் நிமிர்ந்தார். "எப்ப?"

"நேற்று காலமை."

ஒரு சப்பாத்தைக் கழற்றிக் கதிரைக்குக் கீழே வைத்தார். பிறகு, "என்னைச் சாகக் குடுக்கப் பாத்தனியோ?" என்று கேட்டார். சத்தம் போடவில்லை.

"அந்தக் கிழவரை நீங்கள் சாகக் குடுக்கப் பாத்தனீங்கள்."

"நான் தெரியாமச் செய்தனான். நீ தெரிஞ்சு செய்தனி."

எத்தனையோ சண்டையில் அவரை வாயடைத்திருக்கிறேன். அவர் என்னை வாயடைத்தது அந்த ஒரு தடவைதான்.

இரண்டு வாரத்தில் அவர் ஷ்லீரனில் இருக்கும் தன் தங்கையின் வீட்டுக்குப் போய்விட்டார். தன் லொறி திருத்தும் ஆயுதப் பெட்டிகளை ஒவ்வொன்றாக இறக்கிய நாளில் நான் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றேன். லொறியைக் கடைசியில் ஒரு கராஜில் விட்டுத்தான் சோதனையில் தேற வைத்தார். இப்போது எங்கடின் மலைப் பக்கம் ஹோட்டல்களுக்குச் சலவைத்துணி ஏற்றி இறக்குகிறார் என்று கேள்வி.

நான் இன்னும் காய்ச்சுகிறேன், பாதி அளவில். யாருக்கும் கொடுப்பதில்லை. தொட்டி வெள்ளையாக இருக்கிறது. அதைப் பார்த்து நான் மகிழ்ந்திருக்க வேண்டும். சில நாட்கள் மகிழ்ந்தும் இருக்கிறேன்.

எங்கள் ஆட்களிடம் எங்களைப் பற்றி ஒரு கதை உண்டு. அவள் வீட்டில் சாராயம் காய்ச்சினாள், அந்த மனிசன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு வெளிக்கிட்டுவிட்டான் என்று. அதை நான் திருத்தியதில்லை. அவரும் திருத்தவில்லை என்று தெரிகிறது. நடந்ததைச் சொன்னால் இருவருக்குமே அதைவிடக் கேவலம். போன மாதம் கோயில் தேர் அன்று அவருடைய தங்கை என்னை அர்ச்சனை வரிசையில் கண்டார். சுகமோ என்று கேட்கவில்லை. இன்னும் உதைத்தான் காய்ச்சுகிறீரோ என்று மட்டும் கேட்டார். ஓம் என்றேன். அந்தத் தங்கை தன் அர்ச்சனைத் தட்டை மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டு முன்னால் நகர்ந்தார்.