அண்ணன் முதல்ல

ஷிமிசு துறைமுகத்துக்குப் போகும் தெருவில், என் சலவைக்கடைக்கும் ஒரு சைக்கிள் கடைக்கும் நடுவே நசுங்கிக்கொண்டு நிற்பது ஹமானோவின் சுஷிக்கடை. மொத்தம் எட்டு ஸ்டூல். எட்டாவதில் உட்காருகிறவர், யாராவது கழிப்பறைக்குப் போகும்போதெல்லாம் எழுந்து வழிவிட வேண்டும். முதல் ஸ்டூல் சமையலறைத் திரைக்கு நேர் எதிரே இருக்கிறது. அது தோகுஜி சானுடையது. அப்படி யாரும் எழுதி ஒட்டவில்லை. ஆனால் தெரியாமல் நீங்கள் உட்கார்ந்துவிட்டால், பக்கத்தில் வந்து நின்றுகொண்டு உங்கள் தலைக்கு மேலே சுவரையே பார்ப்பார். நீங்களாகவே எழுந்துவிடுவீர்கள்.

கமேதா தோகுஜி முப்பத்தெட்டு வருஷம் இந்த ஊர் டிரைவிங் ஸ்கூலில் வாத்தியார். தெருவில் கார் ஓட்டுகிறவர்களில் பாதிப்பேர் அவரிடம் திட்டு வாங்கியவர்கள். நானும்தான். ஹமானோவை மூன்று தடவை தேர்ச்சி முத்திரை குத்தாமல் திருப்பி அனுப்பியிருக்கிறார். இன்றைக்கும் ஹமானோ மீன் வண்டியைப் பின்னால் எடுக்குமுன் தோகுஜி சான் தெருவில் நிற்கிறாரா என்று பார்த்துக்கொள்வார். தோகுஜி சானுக்குக் கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்கப் போன அன்று, பெண்ணே காரோட்டி ஊர் சுற்றிக் காட்டினாளாம். "கண்ணாடியைப் பார்க்காம திரும்புறீங்க" என்று இவர் நாலு தடவை சொன்னாராம். சம்பந்தம் அங்கேயே முறிந்தது என்பார்கள். நான் நம்புகிறேன்.

அப்படிப்பட்ட மனிதர் ஓய்வு பெற்ற மறுநாள் மதியம்தான் முதன்முதலாக இந்தக் கடைக்குச் சாப்பிட வந்தார். அன்றைக்கு நானும் இருந்தேன். முகம் வாடிக் கிடந்தது. அதட்டுவதற்கு ஆளில்லாத முதல் நாள் அல்லவா? அவருக்கு முன்னால் வந்த இரண்டு பேர் சாப்பாட்டுக்குக் காத்திருந்தார்கள். அப்போது திரைக்குப் பின்னாலிருந்து ஹமானோவின் மனைவி ஃபுசாயே குரல் கொடுத்தாள்.

"அண்ணன் முதல்ல."

ஹமானோ அப்போதுதான் உருட்டி முடித்த இரண்டு சூரைமீன் சுஷியைத் தோகுஜி சான் முன்னால் வைத்தார். முன்னால் வந்தவர்களை விட்டுவிட்டு, அவருக்கு. பழைய வாத்தியார் மேலுள்ள பயம், வேறொன்றுமில்லை. தோகுஜி சான் நிமிர்ந்தார். திரையைப் பார்த்துக் கழுத்தைக் கொஞ்சம் தாழ்த்தி வணங்கினார். அன்றிலிருந்து அவர் அந்தக் கடைக்கு அண்ணன்.

இரண்டாவது வருஷம்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. ஏப்ரன்களைச் சலவைக்குக் கொடுக்க வந்த ஃபுசாயே சொன்னாள். நேற்று வந்த மீனுக்குக் கடைக்குள்ளே அண்ணன் என்று பெயராம். இன்று வந்தது தம்பி. அண்ணனை முதலில் தீர்க்க வேண்டும், தம்பி நாளைக்குத் தாங்கும். சமையலறையில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்களாம்.

நாங்கள் சிரித்த சிரிப்பில் இஸ்திரிப் பெட்டியின் கீழே யாரோ ஒருவருடைய சட்டைக் காலர் தீய்ந்துபோனது.

"சொல்லிடலாமா?" என்றேன்.

"எப்படி அக்கா சொல்றது? சார், அது உங்களைச் சொல்லலை, பழைய மீனைச் சொன்னேன்னா?"

அது சரிதான். சொல்லாமல் விட்ட ஒவ்வொரு வருஷமும் சொல்வது இன்னும் கஷ்டமானது. இப்படியே பதினொரு வருஷம் ஓடியது. நான் ஒன்றும் உத்தமி இல்லை, உள்ளுக்குள் சிரித்துக்கொண்டேதான் இருந்தேன்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அண்ணன் என்று கேட்ட நாளிலிருந்து அவர் நிஜமாகவே அண்ணனாகிவிட்டார். கடையில் பல்பு போனால் மாற்றுவார். புயல் வருகிறதென்றால் ஹமானோவுக்கு முன்னால் வந்து வாசல் பெயர்ப்பலகையை உள்ளே எடுத்து வைப்பார். புதிதாக வருகிறவர்கள் சோற்றைக் கொண்டுபோய்ச் சோயாவில் முக்கினால், "மீன் பக்கம், மீன் பக்கம்" என்று ஸ்டியரிங் திருப்பிக் காட்டுகிற மாதிரி கையைத் திருப்பிக் காட்டுவார். எனக்குக் காய்ச்சல் வந்த வாரம் என் கடை ஷட்டரைக் காலையில் தூக்கி, மாலையில் இறக்கியதும் அவர்தான். நேரில் எல்லோரும் அவரைச் சார் என்றே கூப்பிட்டோம். அதற்கும் அவரிடம் காரணம் இருந்தது. "நேர்ல அண்ணன்னு கூப்பிட வெட்கப்படறாங்க, பாவம்."

போன வசந்தத்தில் அவருடைய தம்பி ஷூஹேயிடமிருந்து கடிதம் வந்தது. தம்பி யோகோஹாமாவில் பெரிய கப்பல் கம்பெனியில் இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் ஓர் அறை காலியாக இருக்கிறது, எழுபது தாண்டிவிட்டது, தனியாகக் கிடந்தது போதும், வந்துவிடு என்று எழுதியிருந்தார். தோகுஜி சான் பதில் எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார்: இங்கே ஒரு கடைக்கே நான் அண்ணனாக இருக்கிறேன், விட்டுவிட்டு எப்படி வருவேன்? தம்பி விடவில்லை. ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து பார்க்கிறேன் என்றார்.

"நீங்களும் வந்து உட்காருங்க மிட்சுயோ சான். அவன் பார்க்கட்டும். பார்த்தா அப்புறம் கூப்பிட மாட்டான்" என்றார். சொல்லும்போது சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே இருந்தார். அவருக்குப் போக இஷ்டமில்லை. போகாமல் இருக்க அவர் கையில் இருந்த ஒரே காரணம் ஒரு பழைய மீன்.

நான் ஓடிப்போய் ஃபுசாயேயிடம் சொன்னேன். "ஞாயித்துக்கிழமை வாயைக் கட்டிக்கிட்டு இரு. ஒரே ஒரு தடவை சொல்லு, அதோட நிறுத்து."

"எனக்குத் தெரியாதா அக்கா" என்றாள்.

ஷூஹேய் நல்ல கோட்டு, நல்ல தொப்பியோடு வந்து இரண்டாவது ஸ்டூலில் உட்கார்ந்தார். நான் மூன்றாவது. தோகுஜி சான் முதலில் தேநீரை ஊற்றித் தம்பியிடம் நகர்த்தினார். "சுடும், பார்த்துக் குடி."

"எனக்கு அறுபத்தாறு ஆச்சுண்ணா."

"அதுக்குச் சூடு குறையுமா?"

திரைக்குப் பின்னாலிருந்து, சொல்லி வைத்தபடி, தேனாகக் குரல் வந்தது. "அண்ணன் முதல்ல."

ஹமானோ இரண்டு சூரையைத் தோகுஜி சான் முன்னால் வைத்தார். தோகுஜி சான் தம்பியை ஓரக்கண்ணால் பார்த்தார். கேட்டாயா என்று அர்த்தம். தம்பி திரையைப் பார்த்தார், மீனைப் பார்த்தார், நெற்றியைச் சுருக்கினார். ஆனால் தேநீரைத்தான் எடுத்துக் குடித்தார். பிழைத்தோம் என்று நான் இஞ்சி ஊறுகாயை எடுத்து வாயில் போட்டேன்.

ஒரு மணிக்குக் கூட்டம் வந்தது. எட்டு ஸ்டூலும் நிரம்பி, இரண்டு பேர் வாசலில் நின்றார்கள். அவசரத்தில் ஃபுசாயேக்கு என் எச்சரிக்கை, தம்பி, யோகோஹாமா எல்லாம் மறந்துபோனது. குளிர்பெட்டிக்குள் தலையை விட்டபடியே கத்தினாள்.

"என்னங்க, அண்ணன் இன்னும் அரைக்கிலோ இருக்கு. இன்னிக்கே தீர்த்துடுங்க, நாளைக்குத் தாங்காது."

ஹமானோவின் கத்தி நின்றது. ஷூஹேய் குடித்துக்கொண்டிருந்த தேநீர் மூக்கு வழியாக வந்தது. அவர் காலேஜ் படிக்கும்போது ஒரு சாப்பாட்டுக்கடையில் பாத்திரம் கழுவியவராம், அங்கேயும் இதே பேச்சுதானாம், அப்புறம் சொன்னார். வாயைப் பொத்திக்கொண்டு தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தார்.

தோகுஜி சான் சாப்ஸ்டிக்கைக் கீழே வைத்தார். "ஹமானோ. யாரு அந்த அரைக்கிலோ?"

ஹமானோவின் முகம் முத்திரை கிடைக்காத பழைய நாட்களைப் போல ஆகிவிட்டது. மீன் பலகையைப் பார்த்தபடியே எல்லாவற்றையும் சொன்னார்.

"பதினொரு வருஷமா எனக்குப் பழசையா போட்டே?"

"சூரை ஒரு நாள் இருந்தாத்தான் சார் ருசி. நானும் அதைத்தான் சாப்பிடறேன். கணவாய் எல்லாம் உங்களுக்குப் புதுசுதான் சார், சத்தியமா."

"என்னைக் கூப்பிடலையா அப்போ? ஒரு தடவைகூடவா?"

அவர் என்னைப் பார்த்தார். நான் குனிந்துகொண்டேன். அந்த நிமிஷம் எனக்கு என்மேலேயே கோபம் வந்தது. ஷூஹேய் சிரிப்பை நிறுத்தி, கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். இனி மூட்டை கட்டு என்று சொல்லத்தான் போகிறார் என்று நினைத்தேன்.

"எங்க வீட்டுலயும் இதே பழக்கம்தாங்க" என்றார் ஹமானோவிடம். "அப்பா போனப்போ அண்ணனுக்குப் பதினாறு. பள்ளிக்கூடத்தை விட்டுட்டு துறைமுகத்துல லாரிக்குச் சரக்கு ஏத்தப் போனாரு. நான் காலேஜ் முடிக்கிற வரைக்கும் அண்ணனைத்தான் தீர்த்தோம். தம்பி நான் கெடாம இருந்தேன்."

தோகுஜி சான் தம்பியின் தொப்பியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்கும் அந்த அண்ணன்லயே ரெண்டு போடுங்க" என்றார் ஷூஹேய்.

தோகுஜி சான் கையை நீட்டித் தம்பியின் தட்டை மறைத்தார். "அவனுக்குத் தம்பியைப் போடு ஹமானோ. அண்ணன் எனக்கு. அரைக்கிலோவையும் வெட்டு."

அப்போதுதான் ஃபுசாயே திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள். கையெல்லாம் ஈரம், கண்ணும் ஈரம். இடுப்பு வரை வளைந்து வணங்கினாள். "தப்பு என்னுதுதான். மன்னிச்சுடுங்க அண்ணே."

அதை நேரில் சொன்ன முதல் ஆள் அவள்தான். தோகுஜி சானின் காது சிவந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, பழைய வாத்தியார் குரலில் சொன்னார்:

"மன்னிப்பு இருக்கட்டும். அண்ணன் இருக்குன்னு சொல்ற பழக்கத்தை முதல்ல விடு. மரியாதை வேணாமா?"

சாயங்கால ரயிலில் ஷூஹேய் தனியாகத்தான் யோகோஹாமா போனார். அறை இன்னும் காலியாகவே கிடக்கிறதாம். இங்கே முதல் ஸ்டூல் நிரம்பித்தான் இருக்கிறது. தினமும் மதியம் திரைக்குப் பின்னாலிருந்து குரல் வரும்போது புது ஆட்கள் விழிப்பார்கள். நாங்கள் யாரும் விளக்குவதில்லை.

"என்னங்க, அண்ணன் இன்னும் கால்கிலோ இருக்காரு."