பன்னிரண்டு பேருக்கும் வேலை கிடைத்ததாம்

துடியலூரில் நான் தைத்துக்கொண்டிருந்த சின்ன கார்மெண்ட்ஸ் கம்பெனியை மூடிவிட்டார்கள். கொஞ்ச நாளில் ஒரு தொண்டு நிறுவனத்தில் தையல் டீச்சர் வேலை கிடைத்தது. ஆனைகட்டியில் பஸ்ஸை விட்டு இறங்கி முக்கால் மணி நேரம் மேலே ஏறினால் ஓர் இருளர் கிராமம். அங்கே பன்னிரண்டு பெண்களுக்கு மூன்று மாதம் பவர் மெஷின் பயிற்சி, முடித்ததும் வேலை. செலவெல்லாம் அரசாங்கத் திட்டம் என்றார் கோஆர்டினேட்டர்.

முதல் நாள் எல்லாரும் சமுதாயக் கூடத்துக்குள் வந்து உட்கார்ந்தார்கள். முப்பது வயதிருக்கும் ஒருத்தி மட்டும் வாசலிலேயே நின்றாள்.

"ஏனுங்க டீச்சர், போட்டோ இன்னைக்கே எடுத்துப்போடுவீங்களா?"

"எதுக்கு அம்மணி?"

"தேனீ வளக்கச் சொல்லித்தர வந்தவங்க போட்டோ எடுத்தாங்க, போயிட்டாங்க. மெழுகுவத்திக்கு வந்தவங்களும் அப்படித்தானுங்க."

எனக்குச் சுருக்கென்றது. மறுநாள் அவளும் வந்து உட்கார்ந்தாள். ஒரே மாதத்தில் மற்றவர்களைவிட நேராகத் தையல் ஓட்டினாள்.

ஐந்தாவது வாரம் கோஆர்டினேட்டர் கேமராவோடு வந்தார். பெண்களை இரண்டு தடவை புடவை மாற்றச் சொல்லி, இடம் மாற்றி உட்கார வைத்து, ஒரே காலையில் மூன்று மாதத்துக்கான படங்களை எடுத்தார். "ரிப்போர்ட்டுக்குத்தானுங்க டீச்சர்" என்றார். அடுத்த வாரமே, யானை நடமாட்டம் இருப்பதால் நான் மேலே போக வேண்டாம் என்றார். சந்தேகம் வந்தது. ஆனால் சம்பளம் வந்துகொண்டிருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து ஒரு போன் வந்தது. அரசாங்கப் பயிற்சித் திட்ட அலுவலகம் என்றது ஒரு பெண் குரல். முதல் நாள் வாசலில் நின்ற அந்தப் பெண்ணின் பேரைச் சொல்லி, "நீங்கதானே மேடம்? சோமனூர்ல வேலைக்குப் போயிட்டிருக்கீங்களா?" என்று கேட்டது. ராங் நம்பர் என்று வைத்துவிட்டேன். சற்று நேரத்தில் அதே குரல் இன்னொரு மாணவியின் பேரைச் சொன்னது. கோஆர்டினேட்டருக்குப் போன் போட்டேன்.

"அக்கா, அந்த ஊர்ல டவர் இல்லீங்களே. அதான் நாலு பேருக்கு உங்க நம்பரைக் குடுத்தோம். கேட்டா ஆமான்னு சொல்லிப்போடுங்க. பன்னெண்டு பேருக்கும் வேலை கிடைச்சதாத்தான் எழுதியிருக்கு."

மூன்றாவது தடவை அந்தக் குரல் வந்தபோது உண்மையைச் சொன்னேன். "நான் அவங்க டீச்சருங்க. யாருக்கும் வேலை கிடைக்கலீங்க. கிளாஸே பாதிதான் நடந்துச்சு." எழுதிக்கொண்டதாகச் சொல்லி அந்தக் குரல் வைத்துவிட்டது. இவளும் கோஆர்டினேட்டருடைய ஆளாக இருந்தால் என்ற பயம் அப்போதுதான் எனக்கு வந்தது.

மறுநாள் காலை மலையேறி, அன்று வாசலில் நின்று கேட்டவளிடம் நடந்ததைச் சொன்னேன்.

"இதை எதுக்கு இப்ப வந்து சொல்றீங்க? உங்க சம்பளத்தை நிறுத்திப்போட்டாருங்களா?"

"இல்லீங்க. எனக்கே நேத்துத்தான் தெரிஞ்சது."

"நேத்துத்தானுங்களா?"

அவள் மற்றவர்களைக் கூப்பிட்டு, அன்றைக்கே மெஷின்கள் இருந்த கூடத்துக்குச் சொந்தப் பூட்டு ஒன்றைப் போட்டாள். இரண்டு நாளில் மெஷின்களை எடுத்துப்போக நிறுவனத்தின் ஆட்கள் வந்தார்கள். கோர்ஸ் முடியட்டும் என்று பெண்கள் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அப்புறம், நான் போனில் சொன்னதை வைத்து, திட்ட அலுவலகத்திலிருந்து அதிகாரிகள் வந்தார்கள். ஒவ்வொருவரையும் தனித்தனியாக விசாரித்தார்கள். இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று என்னையும் கேட்டார்கள். பயிற்சி அந்த நிறுவனத்தின் கையைவிட்டுப் போனது. மீதி வகுப்புக்கு இதே டீச்சர் போதுமா என்று கேட்டபோது அவள்தான் பேசினாள்.

"இவங்களே இருக்கட்டுமுங்க. ஆனா கிளாஸ் நடக்கற நாளை நாங்களும் ஒரு நோட்டுல எழுதி வெப்போம்."

அந்த நோட்டு தினமும் என் மேசை மேலேயே கிடந்தது. முதலில் உறுத்தியது, பிறகு பழகிவிட்டது.

கோர்ஸ் முடிந்ததும் ஐந்து பேருக்கு நிஜமாகவே வேலை கிடைத்தது. மற்றவர்கள் ஊரைவிட்டு இறங்க விரும்பவில்லை. வேலைக்குச் சேர்ந்த அன்று கம்பெனி கேட்டிலிருந்து அவள் போன் செய்தாள்.

"ஒரு பேப்பர்ல கையெழுத்துக் கேக்கறாங்க. படிக்கறேன், கேளுங்க."

எழுத்துக் கூட்டி முழுதும் படித்தாள். வேலை நேரமும் லீவு விதியும்தான்.

"போட்டுரு கண்ணு" என்றேன்.

"நீங்க சொல்றீங்கன்னு போடலீங்க. எனக்கே புரிஞ்சுது" என்று சொல்லி வைத்துவிட்டாள்.