இடது பின்கதவுக் கண்ணாடி

காரைத் துடைப்பது சுடலையின் வேலை. காலை ஆறு மணிக்கு முதலாளி வீட்டு வாசலில் ஒரு வாளித் தண்ணீர், ஒரு கட்டு பனியன் வேஸ்ட் துணி, ஒரு பாட்டில் தையல் மிஷின் எண்ணெய் எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டு குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிடுவார். முதலில் சக்கரம், பிறகு கதவுகள், கடைசியில் கண்ணாடி. சனிக்கிழமை மட்டும் கூடுதலாக ஒரு வேலை. கதவுக் கண்ணாடி ஏறி இறங்குகிற ரப்பர் காடிக்குள் நாலு சொட்டு எண்ணெய் விட்டு, வேஸ்ட் துணியைத் திரி மாதிரி முறுக்கி உள்ளே செலுத்தி இழுப்பார். யாரும் சொல்லிக்கொடுத்ததில்லை. திருப்பூரில் கிறீச்சிடுகிற எதற்கும் மிஷின் எண்ணெய் விடுவார்கள். கேட்டுக்கு, சைக்கிளுக்கு, மின்விசிறிக்கு, அவர் மனைவி சின்னத்தாயின் பீரோக் கதவுக்கு. துடைக்க பனியன் வேஸ்ட். இரண்டும் கம்பெனியில் கேட்பாரில்லாமல் கிடைப்பவை.

நாங்குநேரிப் பக்கத்திலிருந்து அவர் திருப்பூருக்கு வந்து பதினைந்து வருடம் ஆகியிருந்தது. வந்த புதிதில் துணி தேய்க்கிற காலண்டர் மிஷினில் ஹெல்பர். பிறகு துணி ரோல் ஏற்றுகிற டெம்போ. கடைசி ஆறு வருடமாக, பெருமாநல்லூர் ரோட்டில் பனியன் கம்பெனி வைத்திருக்கும் ஈஸ்வரமூர்த்திக்கு டிரைவர். மண்ணரையில் எட்டு வீடு கொண்ட லைனில் ஒரு வீடு. டெம்போ ஓட்டினால் இடுப்பு போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருந்ததால், இந்த வேலை போனால் அடுத்தது என்ன என்பதை அவர் யோசிப்பதே இல்லை.

முதலாளி ஒருநாளும் சத்தம் போட்டதில்லை. சுடலைக்குப் பயம் அதனால்தான். அவர் ஊரில் ஒருவனுக்குக் கோபம் வந்தால் நாலு தெருவுக்குக் கேட்கும். அடுத்த மணி நேரத்தில் அதே ஆள் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு கேட்டு வந்து நிற்பான். இங்கே அப்படி இல்லை. முன்பிருந்த டிரைவர் காசிமாயனை ஒரு திங்கட்கிழமை உட்காரவைத்து, காபி கொடுத்து, "சாவியை மேசை மேல வெச்சுட்டு ஊட்டுக்குப் போயிருங்க" என்று ஈஸ்வரமூர்த்தி சொன்னார். அவ்வளவுதான். என்ன தப்பு செய்தோம் என்று காசிமாயனுக்கு இன்றுவரை தெரியாது. அதற்குப் பிறகு முதலாளி எவ்வளவு மரியாதையாகப் பேசுகிறாரோ அவ்வளவு சுடலைக்குப் பயம் கூடும்.

அந்த வருடம் ஆனி மாதத்தில் இடது பின்கதவுக் கண்ணாடி மெதுவாக ஏறத் தொடங்கியது. பிறகு முனகியது. ஒரு வெள்ளிக்கிழமை பாதியில் நின்றுவிட்டது. முதலாளியின் ஐந்து வயது மகள் கீதாஞ்சலி உட்காருகிற பக்கம் அது. பட்டனை அழுத்திக் கண்ணாடியை இறக்கி, அதன் விளிம்பில் மோவாயை வைத்துக்கொண்டு வருவதுதான் அவளுக்குக் கார் பயணம்.

"சுடலை, அந்தக் கண்ணாடி பாதியிலயே நிக்குதுங்களே" என்றார் ஈஸ்வரமூர்த்தி. "நாளைக்குள்ள பாத்து வெச்சிருங்க. ஞாயித்துக்கிழமை தாராபுரம் போறோம். நானே ஓட்டிக்கறேன், நீங்க வர வேண்டாமுங்க."

நீங்க வர வேண்டாமுங்க. சுடலை அன்று முழுக்க அந்த மூன்று வார்த்தைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும்தான் சொன்னாரா?

கார் எலக்ட்ரிக் கடைக்குக் கொண்டுபோயிருக்கலாம். ஆனால் கண்ணாடியின் மேல் விளிம்பில் கறுப்பாகப் பிசின் மாதிரி ஒட்டியிருந்ததை அவர் விரலால் தொட்டுப் பார்த்திருந்தார். முகர்ந்தும் பார்த்தார். மிஷின் எண்ணெய் வாசனை. கடைக்காரன் கதவைப் பிரித்ததும் முதலில் கேட்கப்போவது, இதுக்குள்ள எண்ணெய் விட்டது யாரு என்பதைத்தான். கேட்டுவிட்டு முதலாளிக்கும் போன் போடுவான்.

சனிக்கிழமை மத்தியானம் கம்பெனிக்குப் பின்னால் இருக்கும் ஷெட்டில் காரை நிறுத்தி, தையல் மிஷின்களைப் பார்த்துக்கொள்கிற மெக்கானிக் சரவணக்குமாரை அழைத்து வந்தார். சரவணக்குமார் உள்ளூர்க்காரன், வேலையில் சுத்தமானவன், வாய் மட்டும் சும்மா இருக்காது. ஸ்க்ரூக்களைக் கழற்றி, கதவின் உட்பக்க அட்டையை நெம்பி எடுத்து, பாலிதீன் தாளை உரித்துவிட்டு டார்ச் அடித்தான்.

"ஏனுங்கண்ணா, இது கார் கதவுங்களா, வேஸ்ட் குடோனுங்களா?"

"மெதுவாப் பேசுப்பா."

ரப்பர் காடி முழுக்க எண்ணெயில் ஊறிய பஞ்சு. இரண்டு வருடத்துச் சனிக்கிழமைகள். பனியன் துணியின் நூல் பிசிறுகள் எண்ணெயோடு சேர்ந்து களியாகி, ரப்பரும் ஊதிக் கண்ணாடியைக் கவ்விக்கொண்டிருந்தது. சரவணக்குமார் ஸ்க்ரூடிரைவர் நுனியால் நோண்டி நோண்டி வெளியே எடுத்துப் போட்டான்.

"இதைத் திரிச்சு நூலாக்குனா ஒரு ஜட்டிக்கு ஆவுமுங்க. எக்ஸ்போர்ட் குவாலிட்டி."

"சிரிக்காத சரவணா. மேனேஜர் வந்துருவாரு."

காடியை மண்ணெண்ணெய் போட்டுக் கழுவித் துடைத்தும் கண்ணாடி பாதிக்கு மேல் தள்ளாடியது. இரண்டு வருடம் இழுத்து இழுத்து மோட்டார் களைத்துவிட்டது என்றான். பிறகு ஒரு யோசனை சொன்னான். கம்பெனியில் அவசர ஆர்டர் நேரத்தில் ஏதாவது மிஷின் திணறினால் அவன் செய்கிற வைத்தியம்தான். இருக்கிற வயரை ஒதுக்கிவிட்டு, கனமான வயர் ஒன்றை நேரடியாக இழுத்துக் கொடுப்பான். சரக்கு போய்ச் சேருகிறவரை மிஷின் நிற்கக் கூடாது, மற்றதெல்லாம் அப்புறம்.

"பேட்டரியிலிருந்து பின்கதவு சுவிட்சுக்கு நேரா குடுத்துர்றேனுங்கண்ணா. பாருங்க, பறக்கும்."

பறந்தது. பட்டனைத் தொட்டதும் கண்ணாடி சரேலென்று ஏறி மேல் விளிம்பில் டொக்கென்று முட்டியது. சரவணக்குமாருக்குப் பெருமை தாங்கவில்லை. நூல் சுற்றி வருகிற காகிதக் கோன் ஒன்றை எடுத்து விளிம்பில் குறுக்காக வைத்து, "பவரைப் பாருங்க" என்று பட்டனை அழுத்தினான். கெட்டியான கோன் அது. கண்ணாடி நிற்கவில்லை. கோன் மடங்கி நசுங்கி இரண்டாகப் பிளந்தது. ஷெட்டில் டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் கைதட்டினார்கள்.

சுடலையும் சிரித்துவைத்தார். பிளந்த கோனைக் காலால் ஓரமாகத் தள்ளினார்.

சாயங்காலம் ஐந்தரைக்குக் காரைக் கொண்டுபோய் வீட்டு வாசலில் நிறுத்தினார். வழியெல்லாம், பின்சீட் கண்ணாடிகளைப் பூட்டி வைக்கிற லாக் பட்டன் தன் கைக்குப் பக்கத்தில் இருக்கிறது, அதை அழுத்தி வைத்துவிட்டால் போதும் என்று தனக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். இறங்குவதற்கு முன் அதை அழுத்தினார். சாவியை எடுத்து முதலாளி கையில் கொடுத்தார்.

அதற்குள் கீதாஞ்சலி பின்சீட்டில் ஏறிக்கொண்டாள். பட்டனை அழுத்தினாள். கண்ணாடி இறங்கியது. ஏறியது. இறங்கியது.

"அட! சாவி எங்கையில இருக்குது, கண்ணாடி அதும்பாட்டுக்கு ஏறுதுங்களே!" என்று ஈஸ்வரமூர்த்தி வாய்விட்டுச் சிரித்தார். ஆறு வருடத்தில் அவர் அப்படிச் சிரித்துச் சுடலை பார்த்ததில்லை. "நல்லாப் பண்ணிப்போட்டீங்க. எந்தக் கடையிலங்க?"

நேராகக் கொடுத்த வயருக்கு சாவியும் கிடையாது, லாக்கும் கிடையாது. சுடலைக்கு அது அந்த இடத்தில்தான் உறைத்தது. கீதாஞ்சலி விளிம்பில் மோவாயை வைத்துக்கொண்டு அவரைப் பார்த்துச் சிரித்தாள். ஒரு கை பட்டன் மேலேயே இருந்தது.

"பாப்பா, தலைய உள்ள எடு" என்றார்.

"போங்க டிரைவர் மாமா."

"நம்ம கம்பெனியிலயே பாத்தோம்ய்யா" என்று மட்டும் முதலாளியிடம் சொல்லிவிட்டு சைக்கிளை எடுத்தார். தெருமுனை திரும்புகிறவரை ஏதாவது அலறல் கேட்கிறதா என்று காதை வைத்துக்கொண்டே மிதித்தார். பெட்டிக்கடை போனிலிருந்து சரவணக்குமாரைக் கூப்பிட்டார். மணி போய்க்கொண்டே இருந்தது.

சின்னத்தாய் ஒரு கம்பெனியில் செக்கிங் பார்ப்பவள். துணியில் எட்டடி தள்ளியிருந்தே ஓட்டையைக் கண்டுபிடிக்கிற கண். தட்டில் சோற்றைப் போட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்த்தாள்.

"என்ன நடந்துது?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லன்னா சோத்த எதுக்கு எண்ணிக்கிட்டு இருக்கிய?"

சொன்னார். எண்ணெய், பஞ்சு, வயர், கோன், பிள்ளையின் மோவாய். சொல்லிமுடித்தபோது அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டிருந்தாள்.

"காலையிலயே தாராபுரம் கிளம்பிருவாவளே. அதுக்கு முன்ன போய்ச் சொல்லிட்டு வாங்க."

"சொன்னா எண்ணெய எவன் விட்டான்னு வரும். கடைக்கு ஏன் போகலன்னு வரும். இன்னைக்குத்தான் நல்லாப் பண்ணியிருக்கன்னு சொன்னாவ."

"அந்த வேலாத்தாளுக்கும் இப்படித்தான் வாயத் திறக்காம இருந்திய."

அவர் தட்டை நகர்த்தி வைத்தார். பதினைந்து வருடத்தில் இரண்டு தடவைதான் அவள் அந்தப் பேரைச் சொல்லியிருக்கிறாள். காலண்டர் மிஷினில் சூடான இரண்டு உருளைகளுக்கு நடுவே துணியை ஏற்றிவிடுகிறவள் வேலாத்தாள். கை உள்ளே போகாமல் தடுக்கிற கம்பி ஒன்று முன்னால் இருந்தது. துணி அதில் மாட்டுகிறது என்று சூப்பர்வைசர் சொல்ல, கழற்றி ஓரமாக வைத்தது சுடலை. மூன்றாம் நாள் அவள் விரல்கள் துணியோடு போயின. மிஷினை நிறுத்துகிற சிவப்பு பட்டனை அழுத்த அவர் ஓடிய நாலடி தூரம் இன்னும் முடிந்தபாடில்லை. கம்பியைக் கழற்றியது யார் என்று கேட்டார்கள். யாரும் சொல்லவில்லை. வேலாத்தாளை ஊருக்கு பஸ் ஏற்றிவிட்டார்கள். அடுத்த மாதம் சுடலை டெம்போவுக்குப் போனார்.

"வேலை போனா?" என்றார்.

"போனாப் போவுது, பாத்துக்கிடலாம்னு சொல்லுதுக்கு எனக்கு என்ன பைத்தியமா? போனா கஷ்டம்தான்" என்றாள் சின்னத்தாய். "அதுக்காவ?"

ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்கெல்லாம் முதலாளி வீட்டு வாசலில் நின்றார். காரின் டிக்கி திறந்திருந்தது. பழக்கூடை, பை எல்லாம் ஏற்றியாகிவிட்டது. பின்சீட்டில் யாரும் இல்லை என்று பார்த்த பிறகுதான் அவருக்கு மூச்சு வந்தது.

"அட, உங்களை வர வேண்டாம்னு சொன்னனுங்களே?" என்றார் ஈஸ்வரமூர்த்தி. வெள்ளைச் சட்டை போட்டு முன்னறையில் கைக்கடிகாரம் கட்டிக்கொண்டிருந்தார். "உக்காருங்க."

சுடலை உட்காரவில்லை. உட்கார்ந்தால் சொல்ல முடியாது என்று தோன்றியது. நின்றபடியே தரையைப் பார்த்துச் சொன்னார். லாக் பிடிக்காது என்றார். சாவி இல்லாமலும் ஏறும் என்றார். கை இருந்தாலும் கழுத்து இருந்தாலும் நிற்காது என்றபோது உள்ளேயிருந்து எட்டிப் பார்த்த முதலாளியம்மா, "அய்யோ சாமி" என்று கதவைப் பிடித்துக்கொண்டார். எண்ணெய் விட்டது தான்தான் என்பதையும் சொன்னார்.

"எத்தனை நாளாங்க?"

"ரெண்டு வருசமாய்யா."

"நேத்து நான் சிரிச்சுட்டு நின்னப்ப உங்களுக்கு இது தெரியுமுங்களா?"

"தெரியும்ய்யா."

ஈஸ்வரமூர்த்தி சாவியை நீட்டினார். "முதல்ல அந்த வயரைக் கழட்டிருங்க."

சுடலை வெளியே போய்க் கண்ணாடியை மேலே ஏற்றிவிட்டு, பானெட்டைத் திறந்தார். பேட்டரி முனையில் சுற்றியிருந்த தடித்த வயரை விடுவித்து, நுனிக்கு டேப் சுற்றி ஓரமாகக் கட்டினார். பின்னால் வந்து பட்டனைப் பத்துத் தடவை அழுத்திப் பார்த்தார். எதுவும் அசையவில்லை.

திரும்பி வந்தபோது கீதாஞ்சலி புதுப் பாவாடையில் அப்பாவின் நாற்காலிக் கையில் உட்கார்ந்திருந்தாள். முதலாளி அவள் வலதுகையைத் தன் உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு விரலாக நீவிவிட்டுக்கொண்டிருந்தார்.

"கழட்டிட்டேன்ய்யா. கண்ணாடி மேலயே நிக்கும், இறங்காது. திங்கக்கிழமை கடையில விட்டு சரியாப் பாத்துரலாம்."

முதலாளி தலையசைத்தார். எதற்கு அசைத்தார் என்று தெரியவில்லை. சுடலை சாவியை நீட்டினார். அவர் வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"அய்யா, நாளைக்குக் காலையில நான் எப்பவும் போல வரட்டுங்களா?"

ஈஸ்வரமூர்த்தி மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு எழுந்தார். "அம்மா கிளம்பீட்டாளான்னு பாப்பமா கண்ணு" என்று அவளிடம் சொல்லியபடி, திரைச்சீலையை விலக்கி உள்ளே போனார்.