பெருங்காயத்தின் மேல் விழுந்த பழி

எழுபதுகளில் என் கணவரின் ஆராய்ச்சி வேலைக்காக ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட்டில் இருந்தோம். ஒரு கோடையில் அவருடைய நண்பரின் கேரவனை, காருக்குப் பின்னால் இழுத்துப் போகும் வீட்டு வண்டியை, இரவல் வாங்கிக்கொண்டு ஏரிக்கரைச் சுற்றுலா முகாமுக்குப் போனோம். மறுநாளே வண்டிக்குள் குடலைப் புரட்டும் நாற்றம்!

"எல்லாம் உன் பெருங்காயம்தான்" என்று இவர் டப்பாவைப் பிடுங்கி, வெளியே மரக்கிளையில் கட்டித் தொங்கவிட்டார். நாற்றம் அடங்கவில்லை. பக்கத்துக் கூடாரக்காரர்கள் புகார் செய்ய, முகாம் மேலாளர் வந்து, "சாயங்காலத்துக்குள் சரிசெய்யுங்கள், இல்லாவிட்டால் காலி பண்ணுங்கள்" என்று சொல்லிவிட்டார்.

வேறு வழியில்லாமல் இவர் வண்டிக்கு அடியில் படுத்து, பாத்திரம் கழுவும் தண்ணீர் சேரும் தொட்டியைத் திறந்தார். வெள்ளை வெளேரென்று நுரை பொங்கிச் சட்டையெல்லாம் வழிந்தது.

"என்னங்க இது?"

"நேத்து நீ வீட்டிலேர்ந்து கொண்டுவந்த இட்லி மாவு புளிக்கவே இல்லையேன்னு, உனக்குத் தெரியாம நான்தான் ஸிங்க்கில கொட்டினேன்..."

வெயிலில் சூடேறிய தொட்டிக்குள் அது புளித்திருக்கிறது! அந்தக் குளிர் ஊரில் என் சமையலறையில் ஒரு நாளும் அப்படிப் பொங்கியதில்லை.

அதன் பிறகு கேரவன் இரவல் வாங்கியபோதெல்லாம் ஸிங்க்கில் கழுவிய தண்ணீரைத் தவிர எதையும் விட்டதில்லை. தொட்டியையும் தினமும் திறந்து அலசிவிட்டோம். ஸ்டுட்கார்ட் வீட்டில் மாவை ஹீட்டர் பக்கத்தில் வைக்க ஆரம்பித்தேன். இட்லி பூ மாதிரி வந்தது. பெருங்காயப் பேச்சை மட்டும் இவர் இன்றுவரை எடுப்பதே இல்லை.